மேசை இரண்டு, ஏழாவது ஆட்டம்

மூன்று, மூன்று என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மங்கையர்க்கரசி வாயை மூடிக்கொண்டாள். ஏழாவது ஆட்டம், இதற்கு மேல் ஆட்டம் கிடையாது. ஆறு புள்ளி முடிந்துவிட்டதால் இரண்டு பெண்களும் துண்டை எடுக்கப் போனார்கள். ஆறு புள்ளிக்கு ஒரு தரம்தான் முகம் துடைக்கலாம் என்பது டேபிள் டென்னிஸில் சட்டம். வியர்வைக்குக்கூட முறை வைத்திருக்கிறார்கள். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் கவனிக்க வேண்டிய நடுவர் அரசி. மதுரை ரயில்வே பார்சல் ஆபீஸில் தலைமை எழுத்தர், வயது ஐம்பத்துமூன்று, வலது முழங்காலில் வலி, கோட்டில் ஒரு வெள்ளை பேட்ஜ். அந்த வெள்ளையை நீலமாக மாற்றிக்கொள்ளத்தான் இத்தனை கடல் தாண்டி இந்த விளையாட்டு விழாவுக்கு வந்திருக்கிறாள். நடுவர்களுக்கு நீல பேட்ஜ் பெரிய படி. நான்கு முழுப் போட்டிகளில் மதிப்பீட்டாளர்கள் 'திருப்தி' என்று எழுத வேண்டும். மூன்று எழுதியாகிவிட்டது, நாலாவது இது. தடுப்புக்கு அப்பால் ஒரு நியூசிலாந்துக்காரர் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எல்லாரும் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள், அவர் மட்டும் அரசியைப் பார்க்கிறார். அவருக்காக அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

கூடத்தில் காற்று அசையவில்லை. பந்து மூன்று கிராம்கூட இல்லாத சமாசாரம், குளிர்சாதனம் மூச்சு விட்டால் திசை மாறிவிடும் என்று எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா, பிற்பகல்தானா என்றே சந்தேகம். சிவப்புத் தரை, நீல மேசை, வெள்ளைப் பந்து. அடுத்த மேசைகளில் பந்து விழும் சத்தம், நாலு வீடு தள்ளி யாரோ வெற்றிலை இடிப்பதைப் போல வந்துகொண்டிருந்தது. டக், டக், டக். கண் இடமிருந்து வலம் போகிறது, வலமிருந்து இடம் வருகிறது. தொட்டிலில் போட்டு ஆட்டுகிற மாதிரி இருக்கிறதே, இதில் தூங்காமல் இருக்கத்தானா இத்தனை பரீட்சை என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது. நியூசிலாந்து பார்க்கிறார். அரசிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு மிதப்பு உண்டு. ஆபீஸில் ரசீதில் பாதிக் கையெழுத்தில் பேனா நின்றுவிடும், எதிரே நிற்கிறவன் இரண்டு தரம் இருமுவான். வீட்டில் அவள் கணவர், 'உடம்பு இருக்கு, அரசியக் காணோம்' என்று குக்கர் விசிலுக்கு நடுவே அறிவிப்பார். பார்சல் ஆபீஸில் மிதந்தால் ஒரு மூட்டை ஒரு நாள் தாமதமாகும். இங்கே மிதந்தால்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடாமல் அவள் சர்வீஸ் போடப் போகிறவள் பக்கம் உள்ளங்கையை நீட்டினாள்.

சர்வீஸ் போடப் போகிறவள் யுகேஸ்வரி. மலேசியா, ஈப்போ, பத்தொன்பது வயது, ஒட்ட வெட்டிய முடி. எதிரே நைஜீரியாவின் ஃபுன்மி, இருபத்தைந்து இருக்கும், தோள் அகலம், ஒவ்வொரு புள்ளிக்கும் தன் தொடையைத் தானே தட்டிக்கொள்வாள். காலிறுதி. இந்த விழாவில் மூன்றாம் இடத்துக்கென்று தனி ஆட்டம் இல்லை, அரையிறுதிக்குப் போனாலே வெண்கலம் நிச்சயம். தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். முதல் மேசைக்கு மறுபடி போட்டுப் பார்க்கிற கேமரா உண்டு, இரண்டாம் மேசைக்கு அரசியின் கண்தான். எதிர்ப்பக்கத்தில் துணை நடுவர் கிளைவ், கயானாக்காரர், நல்ல மனுஷன், காலையில் அவளுக்கு வாழைப்பழம் கொடுத்தார். ஆனால் பந்து மேசையின் அவர் பக்க ஓரத்தில் பட்டால்தான் அவர் வாய் திறக்கலாம். அரசியின் பக்க ஓரத்தில் பட்டால் அரசி சொல்வதுதான். மேல் விளிம்பில் பட்டால் அது எட்ஜ், நல்ல பந்து. விளிம்புக்கு ஒரு நூல் கீழே பக்கவாட்டில் பட்டால் சைடு, வெளியே. இரண்டுக்கும் இடையில் ஒரு நகத்தின் கனம். அந்த நகக்கனத்தைப் பார்க்கத்தான் அவளை இவ்வளவு உயரத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். யுகேஸ்வரி பந்தைத் தூக்கிப் போட்டாள். "கால எடுத்து வை, மாடு" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். தமிழ். இந்த மேசையில் அந்தத் திட்டு புரிகிற இன்னொரு ஆள் அரசி மட்டும்தான், புரியாத மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியவளும் அவள்தான்.

ஒருத்திக்கு ஐந்து புள்ளி வந்ததும் பக்கம் மாறினார்கள். மாறும்போது ஃபுன்மி பந்தை எடுத்து மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டுப் போட்டாள். இப்போது அதில் என்ன வாசனை இருக்கிறது? பிளாஸ்டிக். அந்தக் காலத்துப் பந்தில் கற்பூர வாசனை வரும். செல்லுலாய்டு செய்யக் கற்பூரம் போடுவார்களாம், விடுதித் தோழி லூர்துதான் அப்போது எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னாள். 'பந்து உடைஞ்சா தூக்கிப் போடாத, ஆரத்தி காட்டலாம்' என்பாள். மாதா கோவிலுக்குப் போகிறவளுக்கு ஆரத்தி மேல் என்ன ஆசையோ. மதுரை விளையாட்டு விடுதியில் ஒரே அறை, இரண்டு இரும்புக் கட்டில், நடுவில் ஒரு பெட்டி, பெட்டி மேல் இரண்டு மட்டை. இரட்டையர் ஆட்டத்தில் இருவரும் ஒரே ஜோடி. மட்டையில் ரப்பரை ஒட்டப் பசை வாங்க வழியில்லாமல் சைக்கிள் பங்க்சர் சொல்யூஷனைத் தடவுவார்கள். அதில் ஒட்டினால் பந்து துப்பாக்கியில் இருந்து வருகிற மாதிரி வரும், தலையும் லேசாகச் சுற்றும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னல் சாத்தி, அந்த வாசனையில் கிறங்கிக்கொண்டு இரண்டு பேரும் காரணம் இல்லாமல் சிரிப்பார்கள். லூர்துக்குக் கீழ் உதட்டில் ஒரு மச்சம், சிரித்தால் அது காணாமல் போகும். டியூபின் வாலைச் சுருட்டிச் சுருட்டிக் கடைசிச் சொட்டு வரைக்கும் பிதுக்குவாள். 'இது உனக்கு, இது எனக்கு.' பங்கு எப்போதும் சரியாக இருக்கும். பந்து வலையில் பட்டு இந்தப் பக்கம் விழுந்தது. அரசி கையைத் தூக்கினாள். நாலு, ஆறு. சரிதானே? பலகையில் நாலு, ஆறு. சரிதான்.

ஆறு, ஆறு. மறுபடி துண்டு. யுகேஸ்வரி துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பயிற்சியாளர் ஒரு சீனர், தடுப்புக்குப் பின்னால் எழுந்து நின்றுகொண்டிருந்தார். மேலே கேலரியில் இருந்து ஒரு அம்மாவின் குரல் வந்தது. "கண்ணு, நிதானம், நிதானம்!" அந்தக் குரலுக்கு அரசியின் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள். அடக்கிக்கொண்டதில் அரை விநாடி போயிற்று போலிருக்கிறது. இரண்டு பெண்களும் மேசைக்கு வந்து நின்று அவள் புள்ளி சொல்லக் காத்திருந்தார்கள். அவசரமாகச் சொன்னாள். யுகேஸ்வரி மட்டையை உள்ளங்கையில் சுழற்றிக்கொண்டே, உதடு அசையாமல், "இந்த ஆண்ட்டி தூங்குதா?" என்றாள். அரசிக்கு முகம் சுட்டது. தூங்கவில்லையடி பெண்ணே, தூங்கினால் பரவாயில்லை, தூங்குகிறவளை எழுப்பிவிடலாம். நியூசிலாந்து அட்டையில் ஏதோ எழுதினார். இதை எழுதினாரா, வேறு எதையாவதா? அவள் கோட்டின் கீழ்ப் பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இங்கேயே இரு. இந்தப் பொத்தானை விட்டு எங்கும் போகாதே. ஆறு, ஏழு. ஏழு, ஏழு. பொத்தான். பொத்தானில் நாலு துளை. நாலு துளையிலும் கறுப்பு நூல். ஊருக்குக் கிளம்பும் முன் அவசரத்தில் தைத்தது, அன்று காலையிலும் லூர்துவிடமிருந்து ரோஜா வந்திருந்தது.

ரோஜா என்றால் போனில் வருகிற ரோஜா. தினமும் காலை ஆறே முக்காலுக்கு ஒரு ரோஜா, பனித்துளியோடு, 'இனிய காலை வணக்கம்' என்று. ஆறு வருஷமாக. திண்டுக்கல்லில் வீட்டோடு ஒரு தையல் கடை வைத்திருக்கிறாள் லூர்து. இரண்டு பிள்ளைகள், சர்க்கரை, கண்ணில் புரை. எங்கேயோ நம்பர் வாங்கி ஒரு நாள் திடீரென்று, 'அரசி, நான்தான் லூர்து' என்று எழுதினாள். அரசி அன்று ஆபீஸ் முழுக்க எதையும் மிதக்காமல் செய்தாள், பயத்தில். கேட்கப் போகிறாள், இன்று கேட்கப் போகிறாள் என்று நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை. லூர்து கேட்கவே இல்லை. ரோஜாதான் வந்தது. ஒவ்வொரு ரோஜாவுக்கும் அரசி ஒரு கும்பிடு பொம்மை போடுவாள், அவ்வளவுதான் ஆறு வருஷப் பேச்சு. இன்றைக்கு மட்டும் ரோஜாவுக்குக் கீழே, 'ஜெயிச்சிட்டு வா' என்று ஒரு வரி. நடுவர் எங்கேயடி ஜெயிப்பது, ஜெயிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதானே வேலை. எட்டு, எட்டு. ஜெயிச்சிட்டு வா. அந்த வார்த்தையை லூர்து இதற்கு முன் ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். திருச்சியில், இறுதி ஆட்டத்துக்குப் போகும் முன், 'ரெண்டு பேர்ல யாராவது ஜெயிச்சிட்டு வரலாம், வா' என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஒன்பது, ஒன்பது. கடைசித் துண்டு. இந்தக் கூடத்துக்குள் திருச்சி வராமல் இருக்க அவள் பொத்தானை இன்னும் அழுத்தினாள். அது வந்தது. ஒரு கல்லூரிக் கூடம், மாநிலப் போட்டி, ஜெயிக்கிறவளுக்கு ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, ஒரே ஒரு இடம். அந்த ஒரு இடத்துக்கு ஒரே டியூபில் ரப்பர் ஒட்டிய இரண்டு பேர். அப்போது ஆட்டத்துக்கு இருபத்தொரு புள்ளி, இப்போது போல் பதினொன்று இல்லை. ஐந்தாவது ஆட்டம், இருபது பத்தொன்பது, லூர்து ஒரு புள்ளி முன்னால். லூர்து அடித்த பந்து அரசியின் வலது கைப்பக்கம் மேசை ஓரத்தில் பட்டுத் தெறித்துத் தரைக்குப் போனது. லூர்து விரலைத் தூக்கினாள். ஓரத்தில் பட்டு அதிர்ஷ்டத்தில் புள்ளி கிடைத்தால், கிடைத்தவள் விரலைத் தூக்கி மன்னிப்புக் கேட்பது இந்த விளையாட்டின் வழக்கம். யாரும் மனதாரக் கேட்பதில்லை, கேட்காமலும் இருப்பதில்லை. ஆனால் நடுவர் வரதன் சார், தடிமனான கண்ணாடி, வெள்ளை வெளேரென்ற பேன்ட், ஒரு நொடி யோசிக்காமல், 'சைடு. இருபது, இருபது' என்றார். அவ்வளவு உறுதி. கடவுள் சொன்ன மாதிரி. இன்னொரு வழக்கமும் உண்டு, சட்டத்தில் இல்லாதது: நடுவர் தப்பாகச் சொன்னால், பந்து விழுந்த பக்கத்துக்காரி பட்ட இடத்தில் விரலை வைத்து எட்ஜ் என்று காட்டிவிடுவாள். லூர்து தூக்கிய விரலை இறக்காமல் அரசியின் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அரசி குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள். லேஸ் அவிழ்ந்திருக்கவில்லை. எழுந்தபோது லூர்துவின் விரல் இறங்கியிருந்தது. அடுத்த இரண்டு புள்ளியும் அரசிக்கு. வேலை, சம்பளம், கல்யாணம், வீடு, எல்லாம் அந்த லேஸில் கட்டியது. சைடாகவும் இருந்திருக்கலாமே என்று சில வருஷங்கள் தனக்குத்தானே வாதாடினாள். மனசு வைத்துக்கொள்கிற வக்கீல் எப்போதும் ஜெயித்தவர் பக்கம்தான் பேசுவான். ஆனால் அவள் பார்த்தாள். மேல் விளிம்பில் பந்து உட்கார்ந்து எழுந்ததை இரண்டு சாண் தூரத்தில் பார்த்தாள். அதற்குப் பரிகாரமாகத்தான் நடுவர் பரீட்சை எழுதினேன் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள அவளுக்கு வெட்கம், ஆனாலும் நடந்தது அதுதான்.

துண்டுகள் பெட்டிக்குப் போயின. யுகேஸ்வரியின் சர்வீஸ், மூன்றாவது அடியிலேயே அவள் பந்து வெளியே போனது. ஒன்பது, பத்து. ஃபுன்மிக்கு இன்னும் ஒரு புள்ளி போதும். கேலரியில் தாளம் தட்டினார்கள். ஃபுன்மி வலைக்குப் பக்கத்தில் வந்து, வேர்த்த உள்ளங்கையை மேசையின் மூலையில் தேய்த்தாள். எல்லாரும் செய்வதுதான், அந்த மூலையில் பந்து விழாது. தேய்த்த ஈரத்தின் மேல் கட்டைவிரலால் சின்னதாக ஒரு சிலுவை போட்டாள். அரசி அதைப் பார்த்தாள். லூர்துவும் போடுவாள். அதே மூலையில், அதே கட்டைவிரலால், கடைசிப் புள்ளிகளுக்கு மட்டும். 'மாதாவுக்கு ஒரு ஞாபகப்படுத்தல், அவங்களுக்கும் ஆயிரம் வேலை' என்பாள். ஈரச் சிலுவை நாலு மூச்சில் காய்ந்துவிடும். காய்வதற்குள் புள்ளி முடிய வேண்டும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. திருச்சியிலும் போட்டாள், இருபது பத்தொன்பதில். அப்போது அரசி மேசைக்கு மறுபுறம் நின்று அந்தச் சிலுவை ஓரங்களில் இருந்து உள்ளே உள்ளே காய்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது இதுவும் காய்கிறது. நீல மேசையில் முதலில் கைகள் போகின்றன, பிறகு தலை, பிறகு நடுவில் ஒரு புள்ளி ஈரம் மட்டும், ஜன்னல் சாத்திய அறையில் கற்பூரமும் சொல்யூஷனும் கலந்து, இது உனக்கு இது எனக்கு, மச்சம் மறைகிறது, டக் டக் டக், காய்ந்துவிட்டது, காய்ந்தே விட்டது.

டிக்.

மேசையின் சத்தம் டக். இது டிக். ஓரத்தின் சத்தம். அரசி நிமிர்ந்தபோது பந்து சிவப்புத் தரையில் அவள் நாற்காலியின் காலடிக்கு உருண்டு வந்துகொண்டிருந்தது. அவள் பக்கம். யுகேஸ்வரியின் பாதியில், அரசியின் பக்க ஓரம். ஃபுன்மி விரலைத் தூக்கியிருந்தாள். யுகேஸ்வரி அசையாமல் நின்றாள். பத்து விநாடியோ பதினைந்தோ ஆடியிருக்கிறார்கள், அத்தனையும் நடந்திருக்கிறது, அதில் ஒன்றுகூட அரசியிடம் இல்லை. கண் திறந்துதான் இருந்தது. கண்ணுக்குள் யாரும் இல்லை. எட்ஜா, சைடா? கிளைவ் எதிரே கையை மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார், உன் பக்கம் அம்மா, என் வேலை இல்லை என்கிற பார்வை. இரண்டு பயிற்சியாளர்களும் பார்த்தார்கள். நியூசிலாந்து பேனாவைத் திறந்து வைத்திருந்தார். சொல். எதையாவது சொல். உறுதியாகச் சொன்னால் எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள், நடுவர் கண்டதுதான் கணக்கு, அதற்கு மேல் முறையீடு கிடையாது. ஃபுன்மி விரலைத் தூக்கியிருக்கிறாள், ஆகவே எட்ஜ். விரலை ஆசையிலும் தூக்குவார்கள். பந்து நேரே கீழே போனதா, வெளியே தெறித்ததா? கீழே போனால் சைடு. பார்க்கவில்லையே. உருண்டு வருவதைத்தான் பார்த்தேன், உருளுகிற பந்து எங்கிருந்து வருகிறது என்று சொல்லுமா? சைடு என்று சொன்னால் பத்து, பத்து, ஆட்டம் தொடரும், யாரும் உடனே சாகமாட்டார்கள். அதுதான் பத்திரம். வரதன் சாரும் இப்படித்தானோ? அந்தத் தடிமனான கண்ணாடிக்குப் பின்னால் அவரும் எங்கேயாவது மிதந்துகொண்டிருந்தாரோ, அவர் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லையோ, திரும்பி வந்தபோது பந்து தரையில் கிடந்ததோ, பத்திரமானதைச் சொன்னாரோ? அவ்வளவு உறுதி எங்கேயிருந்து வந்தது? இது அவளுக்கு இந்த முப்பத்தோரு வருஷத்தில் தோன்றியதே இல்லை.

அப்போது யுகேஸ்வரி குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள்.

அரசி அந்த ஷூவைப் பார்த்தாள். வெள்ளை ஷூ, பச்சை லேஸ், இரண்டு முடிச்சு இறுக்கமாகப் போட்டது. அவிழவில்லை. அவிழாத முடிச்சை அந்தப் பெண் பிரித்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். ஆக எட்ஜ். சந்தேகமே இல்லை, இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அரசிக்குத் தெரியும். எட்ஜ் என்று சொல்லிவிடலாம், சரியாகவும் இருக்கும், நியூசிலாந்து திருப்தி என்று எழுதுவார், நீலம் கிடைக்கும். ஆனால் அவள் பார்த்தது லேஸை, பந்தை இல்லை. ஒரு பெண்ணின் லேஸைச் சாட்சியாக வைத்து அவளைத் தோற்கடிப்பதா? உண்மையிலேயே இறுக்கம் பிடிக்காமல் கட்டுகிறாளோ என்னவோ. இவள் யுகேஸ்வரி, அரசி இல்லை. ஈப்போவில் இருந்து வந்திருக்கிறாள், அம்மா மேலே உட்கார்ந்து கண்ணு என்கிறாள். ஐந்து விநாடி ஆகிவிட்டது. ஆறு. நீல பேட்ஜை அவள் மனதுக்குள் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள், அது நன்றாகத்தான் இருந்தது. பிறகு கையை உயர்த்தி, புள்ளி இல்லை, மறுபடி ஆடு என்கிற சைகையைக் காட்டினாள். மைக் எல்லாருக்கும் கேட்கிற மாதிரித் திறந்திருந்தது. "நான் பார்க்கவில்லை" என்றாள் ஆங்கிலத்தில். "பந்து பட்டபோது என் கவனம் இங்கே இல்லை. மன்னியுங்கள்."

அப்படி ஒரு வாக்கியத்தை அந்த மைக் அதுவரைக்கும் கேட்டிருக்காது. பிறகு ஃபுன்மியின் பயிற்சியாளர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தார். பார்க்கவில்லை என்றால் எதற்கு அம்மா அந்த நாற்காலி என்பதுதான் சாரம், நியாயமான கேள்வி. ஃபுன்மி விரலை இறக்கி, மட்டையால் தொடையை மெதுவாகத் தட்டிக்கொண்டு, கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் மேசையைப் பார்த்தாள். கிளைவ் கண்ணை மூடித் திறந்தார். நியூசிலாந்து எழுதிக்கொண்டே இருந்தார், நிறைய எழுதினார். சீனப் பயிற்சியாளர் யுகேஸ்வரியைப் பார்த்து, வா, சீக்கிரம் ஆடு, என்று கையசைத்தார். அரசிக்கு உடம்பு லேசாகிப் போயிருந்தது, நாற்காலிக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்திருப்பது போல. ஆனால் மிதப்பு இல்லை. மேசையின் ஒவ்வொரு கீறலும் கண்ணுக்குத் தெரிந்தது. யுகேஸ்வரி லேஸை விட்டு எழுந்தாள். பந்தைக் கேட்டுக் கை நீட்டவில்லை. அரசியையே பார்த்தாள், முதலில் புரியாமல், பிறகு எரிச்சலோடு, பிறகு எதிலோ வசமாக மாட்டிக்கொண்டவளைப் போல. மேலே இருந்து, "கண்ணு, விடு, ஆடு!" என்று அம்மா கத்தினாள். யுகேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு மேசையின் ஓரத்துக்கு வந்தாள். வலது கையின் ஆள்காட்டி விரலை மேல் விளிம்பில் வைத்து அழுத்தினாள். "எட்ஜ்" என்றாள். அவ்வளவு மெதுவாகச் சொல்லியும் எல்லாருக்கும் கேட்டது.

பதினொன்று, ஒன்பது. அரசி ஃபுன்மியின் பக்கத்துக் கையை உயர்த்தினாள். ஃபுன்மி ஓடி வந்து யுகேஸ்வரியைத் தூக்கிவிட்டாள், தரையில் இருந்து காலே எடுபட்டுவிட்டது, கீழே இறக்கியபோது இருவரில் யார் அழுகிறார்கள் என்று தெரியவில்லை. ஆட்டக்காரர்கள் நடுவருக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஃபுன்மி வந்து கொடுத்தாள், கண் எங்கேயோ இருந்தது. யுகேஸ்வரி வந்தாள். முகம் துடைத்திருந்தாள், கண் சிவந்திருந்தது. வேர்த்த கை, சில்லிட்ட விரல்கள். கையைக் கொடுத்தவள் விடவில்லை. அரசியின் கோட்டில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினாள்.

"நீங்க சைடுன்னு சொல்லியிருந்தா நா வாயே தொறந்திருக்க மாட்டேன், ஆண்ட்டி."

"தெரியும்மா" என்றாள் அரசி.

"பாக்கலன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் நா என்ன செய்றது?" குரல் உடைந்து கோபமாக வந்தது. "யாருமே பாக்கல, நா மட்டும்தான் பாத்தேன்னு ஆயிடுச்சு."

கையை உதறிக்கொண்டு அவள் போய்விட்டாள். தடுப்புக்கு அப்பால் சீனப் பயிற்சியாளர் அவள் தலையில் துண்டைப் போட்டு மூடி அழைத்துப் போனார். மேலே அந்த அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குப் போன வெண்கலம் திரும்ப வரப் போவதில்லை, அதற்கு அரசியும் ஒரு காரணம், இதில் அவளுக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஒரு நிமிஷம் பழைய வக்கீல் எழுந்து நின்றான்: பார்த்தாயா, வரதன் சார் உறுதியாகச் சொன்னதால்தானே நீயும் சும்மா இருந்தாய், குற்றம் அவருடையது. நானும்தான் பார்த்தேனே, நான் மட்டும்தான் பார்த்தேனே என்று அரசி அவனை உட்கார வைத்தாள். நியூசிலாந்துக்காரர் அட்டையைக் கையில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். கனிவான மனுஷன்தான். "நேர்மை நல்லது, மேடம். ஆனால் நடுவர் பார்க்க வேண்டும்" என்றார். ஆமாம் என்று அவள் தலையாட்டினாள். அதில் மறுக்க என்ன இருக்கிறது. கிளைவ் புள்ளித்தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டாள், இந்த முறை பேனா பாதியில் நிற்கவில்லை. நடுவர்கள் வரிசையாக நடந்து வெளியேற வேண்டும். நடந்தாள், முழங்கால் வலித்தது. ஈரச் சிலுவை போட்ட மூலையை ஒரு ஆள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான், அடுத்த ஆட்டத்துக்கு. போன் நடுவர்கள் அறையில், பையில் இருந்தது. காலை ரோஜாவுக்கு அவள் இன்னும் கும்பிடு போடவில்லை. இன்றைக்குக் கும்பிடு போதாது. திண்டுக்கல்லில் இப்போது மணி என்ன இருக்கும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். இரவு ஒன்பதரை. லூர்து தூங்கியிருக்க மாட்டாள்.